டெஸ்டிங் அண்ணனும் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டரும்

மதுரையில் பிறந்த மனிதர்களிலேயே அதிகமாகச் சத்தம் போட்டவர் எங்கள் டெஸ்டிங் அண்ணன்தான். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் என்னைப் போல அவருக்கு அடுத்த வீட்டில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும். அவர் தும்மினால் என் அலமாரியில் தம்ளர் உருளும். தன் மனைவியிடம் அவர், "சாப்ட்டாச்சா?" என்று கேட்டதற்கு நான் இந்தப் பக்கமிருந்து, "இன்னும் இல்லண்ணே" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஊரைச் சுற்றுகிற விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது அவர் தொழில். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கட்சிக் கூட்டம், இரங்கல் செய்தி எல்லாவற்றுக்கும் அதே குரல்தான். எதைப் பேசத் தொடங்கினாலும், "ஹலோ, டெஸ்டிங்" என்று ஒருமுறை சொல்லித் தொண்டையைச் சரிசெய்துகொள்வார். டீக்கடையில் டீ கேட்பதற்கு முன்னாலும் சொல்வார். அப்புறம் வேறு பெயர் எதற்கு?

சித்திரைத் திருவிழாவில், தொலைந்துபோனவர்களைக் கூப்பிடும் பந்தலில் அவருக்கு நிரந்தர இடம் உண்டு. ஒரு வருடம் அழகர் இறங்குகிற நேரத்தில் மைக் செத்துவிட்டது. எழுமலையிலிருந்து வந்த ஓர் அம்மா, புருஷனைக் காணோம் என்று அழுதுகொண்டு நிற்கிறார். அண்ணன் நாற்காலியில் ஏறி நின்று வெறும் தொண்டையில், "எழுமலை மாயாண்டி எங்கிருந்தாலும் வரவும்!" என்றார். வந்தார்கள். ஒன்றுக்கு நாலு மாயாண்டிகள். அதில் இரண்டு பேர் எழுமலைப் பக்கமே போனதில்லையாம். "நீங்க கூப்ட்ட கூப்புல வராம இருக்க முடியலண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு வெயில் காலத்தில் சத்தமே இல்லாத கம்ப்யூட்டர் வேண்டும் என்கிற வெறி பிடித்தது. ஊரெல்லாம் ப்ரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது.

காரணம் டீச்சர். அண்ணனின் மனைவி மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. எங்கள் வளவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், அண்ணனுக்கும் டீச்சர்தான். வளவு என்றால் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள், நடுவில் ஒரே குழாய், எல்லோருக்கும் பொதுவான சண்டை. அந்த இரைச்சலுக்கு நடுவே டீச்சரின் குரல் அவ்வளவு மெல்லிசாக இருக்கும். வகுப்பில் பிள்ளைகள் அவர் சொல்வதைக் கேட்பதற்காகவே வாயை மூடிக்கொள்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும்போது பின்வரிசைக்காரர்கள் காதை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பயப்படுகிற மாதிரி இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். பள்ளி திறப்பதற்குள் ஆபரேஷன் என்று நாளும் குறித்தாயிற்று. "குரல் பழையபடி வரலாம், கரகரன்னும் வரலாம். இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது" என்று அவர் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும்தான் அண்ணன் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்தவர் முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். இயல்பிலேயே உட்காரத் தெரியாத மனிதர். அன்றிலிருந்து நிற்கவும் தெரியாமல் போயிற்று.

"மாப்ள, அவ கொரல புடிச்சு வச்சிரணும்" என்றார் என்னிடம்.

வீட்டில் ரெக்கார்டிங்குக்காக வைத்திருந்த கம்ப்யூட்டரின் விசிறி 'கொர்ர்ர்' என்று மாவு மில் மாதிரி இரையும். அண்ணனின் குரலுக்கு அந்த இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. டீச்சர் பேசியதைப் பதிந்து போட்டுப் பார்த்தால் மாவு மில்தான் கேட்டது. எங்கோ ஓர் ஓரத்தில் யாரோ பேசுவது மாதிரி இருந்தது. விசிறியைக் கழற்றிவிட்டுப் பதிந்தார். டீச்சர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் கொதித்து அணைந்துவிட்டது. மதுரை வெயிலில் மனிதர்களே அணைந்துவிடுகிறோம், அது பாவம் என்ன செய்யும்.

"டேப் ரெக்கார்டர்ல புடிங்கண்ணே."

"அது இஸ்ஸுங்கும் மாப்ள."

"ஏதாச்சும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போங்க."

"அங்கன போனா அவ பேச மாட்டா. மைக்கப் பாத்தாலே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்குவா. எனக்குப் பாட்டு வேணாம், பிரசங்கம் வேணாம். 'என்னங்க, சாப்பிட வாங்க'ன்னு கூப்புடுவால்ல, அது வேணும். அத வீட்ல வச்சுத்தான் எடுக்க முடியும்."

ப்ரவுசிங் சென்டரில் போய்த் தேடியதில், வெளிநாட்டுப் பையன்கள் கம்ப்யூட்டருக்கு விசிறிக்குப் பதிலாகத் தண்ணீர் விட்டுச் சூட்டைத் தணிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் படங்களை அச்செடுத்து வந்துவிட்டார். எனக்கு விளக்கினார்.

"கம்ப்யூட்டரோட மூள மேல ஒரு செம்பு டப்பா. அதுக்குள்ள தண்ணி. மோட்டார் தள்ளுது. தண்ணி சூட்ட வாங்கிக்கிட்டு டியூப்ல போகுது, ரேடியேட்டர்ல ஆறுது, திரும்ப வருது. சாமி நாலு மாசி வீதியும் சுத்திட்டுக் கோயிலுக்குத் திரும்புற மாதிரி. அம்புட்டுத்தான்."

"அந்த மோட்டாரும் சத்தம் போடுமேண்ணே?"

அண்ணன் என்னை முறைத்தார். பதில் இல்லாத கேள்வி வந்தால் அவர் மொபெட்டைக் கிளப்பிவிடுவார். கிளப்பினார். பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டார். அந்த மே மாதம் முழுவதும் நான் அந்த மொபெட்டின் பின்சீட்டில்தான் குடியிருந்தேன்.

முதலில் ரேடியேட்டர். காருக்குள் ஹீட்டர் போடுவார்களே, அதற்குள் இருக்கும் கையகல ரேடியேட்டர்தான் தோதானது என்று அச்செடுத்த தாள் சொல்லியது. மதுரையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினோம். எல்லோரும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து அண்ணன் தோளில் கைபோட்டுக் கடைக்கு வெளியே கூட்டி வந்தார்.

"அண்ணே, இந்த ஊர்ல எவன்ணே காருக்குள்ள ஹீட்டர் போடுவான்? கண்ணாடிய எறக்கிவிட்டாலே ஹீட்டர்தான?"

அண்ணன் அசரவில்லை. மதுரையில் குளிராது, ஆனால் கொடைக்கானலில் குளிருமே! கொடைக்கானலில் ஓடிக் கிழடான வண்டி எங்காவது உடைப்புக்கு வந்திருக்கும் என்று திண்டுக்கல் ரோட்டில் பறந்தார். பரவை தாண்டி ஓர் உடைப்புக் கடையில் அப்படி ஒரு வேன் நிஜமாகவே படுத்திருந்தது. அதன் வயிற்றைக் கிழித்து ரேடியேட்டரை எடுத்தபோது உள்ளே யூகலிப்டஸ் இலை இருந்தது. அண்ணன் அந்த இலையை மோந்து பார்த்துவிட்டு, "குளிரு இன்னும் உள்ளுக்குள்ள இருக்கு மாப்ள" என்றார்.

அடுத்து செம்பு டப்பா. பாத்திரப் பட்டறை ஒன்றில் செய்யச் சொன்னோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, தண்ணீர் நுழைய ஒரு மூக்கு, வெளியேற ஒரு மூக்கு. அடிப்பாகம் மட்டும் கண்ணாடி மாதிரி மழமழவென்று இருக்க வேண்டும், ஒரு கீறல் கூடாது, அதுதான் கம்ப்யூட்டரின் மூளையோடு ஒட்டி உட்காரும் பக்கம் என்று அண்ணன் படித்துப் படித்துச் சொன்னார். பட்டறைக்காரர் அருமையாகச் செய்தார். அடியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

காசைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பும்போது கடையில் கல்லாவில் இருந்தவர் பேச்சுக்கு, "யாருக்குண்ணே?" என்று கேட்டார். அண்ணனும் பேச்சுக்கு, "என் வீட்டம்மா எஸ்தர் டீச்சருக்குத்தான்" என்றார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், எந்தப் பாத்திரக் கடையிலும் செய்கிற மரியாதையைச் செய்து முடித்திருந்தார்கள். மழமழப்பான அந்த அடிப்பாகத்தில் அழகாக 'எஸ்தர்' என்று பெயர் வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ இலவசம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் போடப்போகிற சத்தத்தில் கடையில் அடுக்கியிருந்த குடமெல்லாம் சரியப்போகிறது என்று நினைத்தேன். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால் மனிதர் அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார்.

"தேய்ச்சு எடுத்துரலாம்ணே, விடுங்க" என்றார் பட்டறைக்காரர் பதறிப்போய்.

"பேர அழிக்கவா? போய்யா" என்றார் அண்ணன்.

எழுத்தின் பள்ளத்திலெல்லாம் சூடு கடத்துகிற பசையைத் தீக்குச்சியால் அப்பி அடைத்தார். ரோஜாப்பூவுக்கும் அடைத்தார். அதனால் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகத்தான் சூடாகும் என்று அவருக்கே தெரியும். "ஆகட்டுமே" என்றார்.

மோட்டார் பழைய ஏர் கூலர் ஒன்றிலிருந்து கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தது டியூப். எவ்வளவு நீளம் வாங்குவது? வீட்டுக்குள் பரப்பிப் பார்க்க இடமில்லை. ஒரு சாயங்காலம் டீச்சரின் சாக்பீஸை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, நிஜ அளவிலேயே படம் போடத் தொடங்கினார். சதுரமாக மோட்டார், நீளமாக ரேடியேட்டர், நடுவில் வளைந்து வளைந்து டியூப். போட்டார், காலால் அழித்தார், மறுபடி போட்டார். இருட்டுகிற வரைக்கும் முற்றத்தில் தவழ்ந்துகொண்டிருந்தார். கடைசியாக எதை முடிவு செய்தார் என்று அவருக்கே தெரியாது. "காலைல நூலு விட்டு அளந்துக்கலாம், வாரேன் மாப்ள" என்று எழுந்து போய்விட்டார்.

காலையில் குனிந்த தலை நிமிராமல் கோட்டோடு கோடாக நூல் விட்டு அளந்தோம். நூல் போய்க்கொண்டே இருந்தது. "நேத்து இம்புட்டு இல்லையே?" என்று ஒரு கணம் யோசித்தார். ஆனால் மொபெட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு யோசனையும் மொபெட்டும் ஒரே நேரத்தில் ஓடாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் விட்டுப் பிடிக்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபை அந்த நீளத்துக்கு வாங்கினோம்.

கழுத்தில் மலைப்பாம்பு போலச் சுருளைப் போட்டுக்கொண்டு அண்ணன் வளவுக்குள் நுழைந்தார். வளவின் சொந்தக்காரர் சுலோச்சனாம்மா எதிரே நின்றார். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார். எங்களைத் திட்ட மட்டும் தமிழுக்கு வருவார். அன்று திட்டவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர் கோலம் போடப் பழகுறாங்க போல! பாவம், பாதியிலேயே விட்டுட்டாங்க. ஒரு பக்கம் இருக்கு, மறுபக்கம் இல்ல. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இல்லாட்டி வீட்டுக்கு ஆகாதேன்னு நாந்தான் விடியக்காலைல அந்தப் பக்கத்தையும் போட்டு முடிச்சு வச்சேன். எப்படி இருக்கு?"

அண்ணன் முற்றத்தைப் பார்த்தார். இரண்டு மோட்டார், இரண்டு ரேடியேட்டர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து ஓடும் டியூப், நடுவில் சுலோச்சனாம்மா தன் பங்குக்கு வைத்த ஒரு தாமரை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் சுருளோடு அப்படியே நின்றார். தன் ஜன்னலைப் பார்த்தார். முற்றத்தின் கோடியைப் பார்த்தார். கையிலிருந்த டியூபைப் பார்த்தார். பிறகு வந்தது பாருங்கள் ஒரு சத்தம்!

"மாப்ள! மோட்டார் வெளிய! ரேடியேட்டர் வெளிய! டியூப் மட்டும் ஜன்னல் வழியா உள்ள! சத்தம் பூரா முத்தத்துக்கு வந்துரும்டா!"

சுலோச்சனாம்மாவின் காலில் விழப் போனார். அவர், தன் கோலத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று புல்லரித்துப்போனார்.

ஏர் கூலர் மோட்டார் ஒரு வாளிக்குள் இறங்கியது. கொடைக்கானல் ரேடியேட்டர் துணிக்கொடிக் கம்பத்தில் தொங்கியது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற வளவில், கம்ப்யூட்டருக்குத் தண்ணீரா என்று சண்டை வரத்தான் செய்தது. "பேட்டரிக் கடைத் தண்ணிதான் ஊத்துறேன். ஒருக்கா ஊத்துனா போதும், அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரும்" என்று அண்ணன் விளக்கினார். "அதே தண்ணியா? நாறிராது? ரெண்டு துளசி கிள்ளிப் போடு" என்றார் சுலோச்சனாம்மா. போட்டார். உள்ளே எங்கும் ஒழுகவில்லை. பவர் சப்ளையின் குட்டி விசிறியை வேகம் குறைத்துவிட்டார். கம்ப்யூட்டரைப் போட்டால், போட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் டீச்சரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அன்று மத்தியானம் ரெக்கார்டிங். வளவு முழுக்க ஊரடங்கு. மிக்ஸி கூடாது, குழாயடி கூடாது, குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அண்ணன் முற்றத்துக்கு வந்து, "எல்லாரும் அமைதியா இருக்கணும்!" என்று அலறியதில் கூரையிலிருந்த புறாக்களும் போய்விட்டன. நான் வாளிக்குக் காவல். ஜன்னல் வழியாக உள்ளே நடப்பது எனக்குத் தெரிந்தது.

"ஹலோ, டெஸ்டிங். ம், பேசு டீச்சர்."

"என்ன பேச?"

"எப்பவும் பேசுற மாதிரி பேசு. மைக்கப் பாக்காத. என்னயப் பாரு. 'சாப்பிட வாங்க'ன்னு கூப்புடு."

"சாப்..."

"அப்படியில்ல! நீ அப்படியா கூப்புடுவ? அடுப்படில இருந்து கூப்புடுற மாதிரி!"

டீச்சர் சிரித்துவிட்டார். "சிரிக்காத, சிரிக்காத, நேரம் போகுது!" என்று அண்ணன் பதற, டீச்சர் இன்னும் சிரித்தார். நேரம் போனதென்னவோ நிஜம்.

போட்டுக் கேட்டோம். துளி இரைச்சல் இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அண்ணனின் குரல் மட்டும்தான் இருந்தது. டீச்சர் பேசத் தொடங்கிய ஒவ்வொரு இடத்திலும் அவர் குறுக்கே விழுந்திருந்தார். இடையிடையே டீச்சரின் சிரிப்பு.

அண்ணன் முகம் செத்துப்போனது. "இன்னொருக்கா எடுப்போம்" என்றார். டீச்சர் தொண்டையைத் தடவிக்கொண்டே, "வலிக்குதுங்க. அதான் பதிஞ்சிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அண்ணன் முற்றத்துக்கு வந்து வாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் சொல்லும் வரை டீச்சர் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். டீச்சர் பேசவில்லை. வளவையே கலங்கடித்த விஷயம், அண்ணனும் பேசவில்லை.

எங்களுக்கு என்னவோ ஏதோ என்று ஆகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற ஓசை கேட்டது, செருப்பு ஓசை கேட்டது, மனிதர் ஓசை இல்லை. ரெக்கார்டிங் வேலை கேட்டு வந்தவர்களையெல்லாம் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. "இந்த மனுசன் கத்தாம எனக்கு ஒரு வேலையும் ஓடலப்பா" என்று சுலோச்சனாம்மா என்னிடம் வந்து சண்டை பிடித்தார். பொறுக்க முடியாமல் நான் அவரைத் தெருமுனை வரை இழுத்துப்போய், "உங்களுக்கும் ஆபரேஷனாண்ணே?" என்று கேட்டேன்.

வளவுக்குக் கேட்காது என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பழைய சத்தத்திலேயே சொன்னார். "நான் ஏதாச்சும் கேட்டா அவ பழக்கத்துல பதில் சொல்லிருவா மாப்ள. அதான்."

நான் அவரோடு டீ குடித்துவிட்டு வந்தேன்.

டாக்டர் பேசலாம் என்று சொன்ன அன்று, இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வளவில் எல்லோரும் முற்றத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றிருந்தோம். உலர்ந்த துணியைச் சுலோச்சனாம்மா மறுபடி உலர்த்திக்கொண்டிருந்தார். டீச்சர் வாசற்படியில் நின்று, அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் கைகளைப் பிசைந்தார், வேட்டியை இறுக்கினார், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

"என்னங்க, ஏதாச்சும் பேசுங்களேன்" என்றார் டீச்சர்.

பழைய குரல் இல்லை. கரகரவென்று, தடித்து, யாரோ வேறொரு பெண் பேசியது போலிருந்தது. எங்களில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டீச்சருக்கும் அது தெரிந்தது. கண் கலங்க அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வாயைத் திறந்தார். நாங்கள் காதைப் பொத்தத் தயாரானோம். அவர் இரண்டடி முன்னால் போய், குனிந்து, டீச்சருக்கு மட்டும் கேட்கிற அளவில் சொன்னார்.

"இந்தக் கொரலும் நல்லாத்தான் இருக்கு, டீச்சர்."

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அதை யாரும் பதிந்து வைக்கவில்லை. நல்லவேளை, நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.